லினக்ஸிலிருந்து அலுவலக மெயில்: ரிமோட் டெஸ்க்டாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் வகையான உபுண்டுவில், தூரத்துக் கணினியின் திரையைக் காட்டும் ரெம்மினா செயலியைத் திறந்து, அலுவலக விண்டோஸுக்குள் போய் அவுட்லுக் பார்ப்பவர்கள் பலர். மெயில் இருப்பது அங்கேதான், இங்கே தெரிவது அதன் திரை மட்டுமே. இதை மறப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான தனிவழி) போடச் சோம்பல்பட்டு ரவுட்டரில், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்திருக்கும் 3389-ஐத் தேடித் தானியங்கி ஸ்கேனர்கள் எந்நேரமும் அலைகின்றன. ரிமோட் டெஸ்க்டாப்பில் இருப்பதாக 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வழியே நுழையப் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுக்க வேண்டிவந்தது. விபிஎன் அல்லது 443 போர்ட் வழியாகப் போகும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே (இணைப்பை நடுவில் நின்று சரிபார்க்கும் சர்வர்), இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்தது, எதிர்ப்பக்கக் கணினியின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்ததும் படிக்காமல் 'சரி' அழுத்துவது. அலுவலகக் கணினி தனக்குத்தானே உருவாக்கிய சான்றிதழ் என்றால் முதல்முறை கேள்வி வருவது இயல்பு. சில மாதங்களுக்கு ஒருமுறை விண்டோஸே அதைப் புதுப்பிக்கும் என்பதால் 'மாறிவிட்டது' என்ற செய்தியும் வரலாம். ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டியவர் உங்கள் ஐடி ஆள். சான்றிதழின் அடையாளக் குறியீடான ஃபிங்கர்பிரிண்டைப் போனில் படித்துக்காட்டி ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். ரெம்மினாவுக்குப் பதில் டெர்மினலில் எக்ஸ்ஃப்ரீஆர்டிபி (xfreerdp) கட்டளையைப் பயன்படுத்துபவர்கள் அதோடு பாஸ்வேர்டையும் தட்டாதீர்கள், தட்டிய கட்டளைகளைச் சேமிக்கும் ஷெல் ஹிஸ்டரியில் அப்படியே தங்கிவிடும்.

மெயிலில் வந்த எக்செல்லைச் சேமித்துவிட்டு, உபுண்டுவின் டவுன்லோட்ஸில் தேடிப் பயனில்லை. அது அலுவலக டிஸ்கில் இருக்கும். ரெம்மினாவில் ஃபோல்டரைப் பகிரும் வசதி உண்டு. அதற்காக ஹோம் ஃபோல்டர் முழுவதையும் பகிர வேண்டாம், தனி ஃபோல்டர் ஒன்று போதும். அலுவலகக் கோப்பை வீட்டுக் கணினிக்கு எடுக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

பதில் மெயிலைத் தமிழில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தே விழுகிறதா? பெரும்பாலும் உபுண்டுவில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ் அந்தப் பக்கம் போய்ச்சேராது, விசைகள் மட்டுமே போகும். தமிழ்99 விசைப்பலகையை அங்குள்ள விண்டோஸில் சேர்த்துவிடுங்கள்.

ரெம்மினா ஜன்னலை மூடினால் அலுவலகக் கணினியில் உங்கள் செஷன் முடியாது, அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாஸ்வேர்டு மாற்றியபின் இப்படி விட்டுப்போன பழைய செஷன் பழைய பாஸ்வேர்டையே முயன்றுமுயன்று கணக்கைப் பூட்டிவிடக்கூடும். சைன் அவுட் செய்துவிட்டே வெளியே வாருங்கள்.

மெயில் மட்டும் போதுமென்றால், ஃபயர்ஃபாக்ஸிலேயே திறக்கும் அவுட்லுக்குக்கு உங்கள் அலுவலகத்தில் அனுமதி இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள்.