ஸ்டே கம்பி மாஸ்ட்: சோதனையிலும் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோ மாஸ்ட்டை, அதாவது ஆன்டெனா தாங்கும் உயரமான மெல்லிய கம்பத்தை, சோதிக்கப் போகிறவர்களின் கண் முதலில் உச்சிக்குத்தான் போகும்: ஆன்டெனா, கேபிள், சிவப்பு விளக்கு. சுற்றிலும் தரைக்கு இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகளால் நிற்கும் மாஸ்ட்டுக்கு உயிர்நிலை தரையில், அந்தக் கம்பிகளைப் பிடித்திருக்கும் ஆங்கர்களில் இருக்கிறது. சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

மண்ணுக்குள்ளிருக்கும் ஆங்கரைக் கம்பியோடு இணைக்கும் இரும்பு ராடு வெளியே பளபளவென்று இருக்கும். மண்ணுக்குள் பாதிக் கனம் அரித்துப் போயிருக்கலாம். எர்த்துக்காகச் செம்பை அருகில் புதைத்திருந்தால் ஆபத்து அதிகம். ஈர மண்ணில் அந்தச் செம்பும் ராடும் பேட்டரி போலாகி, முதலில் துத்தநாகப் பூச்சு கரையும், பிறகு இரும்பு. வெளியே தெரிவதை மட்டும் பார்த்து ‘நல்ல நிலை’ என்று எழுதிவிடாதீர்கள். அதற்காக எல்லா ஆங்கரையும் ஒரே நாளில் தோண்டிவிடவும் கூடாது. ஆங்கரை அமுக்கிப் பிடித்திருப்பதே அந்த மண்தான். தற்காலிக ஸ்டே கட்டிவிட்டு, ஒரு ஆங்கரில் ராடைச் சுற்றி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிப் பாருங்கள். மண்ணைத் திரும்பப் போட்டு, திமிசால் இறுக்கிய பிறகே அடுத்த ஆங்கர்.

அடுத்த தவறு, கம்பியைக் கையால் ஆட்டிப் பார்த்து இழுவிசையைக் கணிப்பது. கம்பி அறும் பலத்தில் சுமார் 10 சதவீதம் வைப்பது வழக்கம். 5 டன்னில் அறும் கம்பிக்கு 500 கிலோ. தளர்ந்தால் காற்றில் மாஸ்ட் வெட்டி வெட்டி இழுபடும். அதிகம் முறுக்கினால் மாஸ்ட்டின் மேல் அமுக்கம் கூடும். மெல்லிய காற்றிலும் கம்பி அதிர்ந்து முனைகளில் களைத்துப் போகும். வெயிலில் கம்பி நீள்வதால், காற்றில்லாத காலை நேரத்தில் இழுவிசை மீட்டர் வைத்து அளந்து, அன்றைய வெப்பநிலைக்கு வடிவமைப்பாளர் கொடுத்த அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கினால் மாஸ்ட் அந்தப் பக்கம் சாயும். செங்குத்தை ஒன்றுக்கொன்று செங்கோணமான இரு திசைகளிலிருந்து தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியில் பார்க்க வேண்டும். 400-ல் ஒரு பங்கு விலகல்தான் எல்லை. 60 மீட்டர் உயரத்துக்கு 15 சென்டிமீட்டர்.

ஸ்டே கம்பி மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வேலை. போலந்தின் கான்ஸ்டான்டினோவில் 646 மீட்டர் உயரத்தில், அன்று உலகிலேயே உயரமான கட்டமைப்பாக நின்ற வார்சா ரேடியோ மாஸ்ட், 1991 ஆகஸ்ட் 8 அன்று விழுந்தது இந்த வேலையின்போதுதான். தற்காலிக ஸ்டே முழுச் சுமையையும் ஏற்றுக்கொண்டது என்று மீட்டர் காட்டாமல் பழைய கம்பியைத் தொடவே கூடாது.

கம்பியின் முனையை மடித்துப் பிடிக்கும் யூ கிளாம்ப்பைத் திருப்பிப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. அதன் வளைந்த போல்ட் கம்பியை நசுக்கும். அது வெட்டிய வால் பக்கம் இருக்க வேண்டும். கிளாம்ப்பின் அடிக்கட்டை, சுமை தாங்கும் கம்பியின் பக்கம். மாறிப்போனால் பிடி பெருமளவு குறைந்துவிடும். இழுவிசை ஏறியதும் கம்பி மெலிந்து நட்டுகள் தளரும், மறுபடி முறுக்குங்கள். கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் சுழன்று கழலாதபடி பூட்டுக் கம்பி கட்டாமல் விடாதீர்கள்.

மாஸ்ட்டின் குழாய்க் கால்களின் அடியிலுள்ள நீர் வடியும் துளையைப் பெயின்ட்டோ குளவிக்கூடோ அடைத்துவிடும். தேங்கிய நீர் உள்ளிருந்தே அரிக்கும். பெயின்ட் அடித்ததும் ஒரு சிறு கம்பியை உள்ளே விட்டுத் துளைகளைத் துழாவிப் பாருங்கள்.

ஸ்டே மாஸ்ட்டுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை, தானே நிற்கும் டவருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை என்பது பொதுவான அளவு. ராமேஸ்வரம் போன்ற உப்புக்காற்றுக் கரைகளில் ஆண்டுதோறும் பாருங்கள். புயல் கடந்தால் தவணைக்குக் காத்திராமல் முதலில் ஆங்கர்களைச் சுற்றி மண் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் யாரையும் மேலே ஏற்றாதீர்கள்.