ரெண்டு ஏக்கர் இருக்கு, பிள்ளைங்க ஹோம் ஆரம்பிக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு

நெலம் இருக்கு, கெணறு இருக்கு, பத்துப் பிள்ளைங்கள வெச்சு வளக்கலாம்னு இருக்கேன்னு யாராச்சும் கேட்டா நான் மொதல்ல சொல்றது இதான், பதிவு கைக்கு வர்ற வரைக்கும் ஒரு பிள்ளையக்கூட உள்ள சேக்காதீங்க. 2015 சிறார் நீதிச் சட்டத்துல ரிஜிஸ்டர் பண்ணாம ஹோம் நடத்துனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சத்துக்குக் கொறையாம அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல போய் விசாரிங்க. தூங்குற எடம் ஆளுக்கு 40 சதுர அடின்னு விதியிலயே இருக்கு, அதனால கட்டடத்தக் கட்டிட்டுப் போகாதீங்க, விதியப் படிச்சிட்டுக் கட்டுங்க. பொம்பளப் பிள்ளைங்க ஹோம்னா பொறுப்பாளர்லேந்து வாட்ச்மேன் வேல வரைக்கும் பொம்பளைங்கதான்.

ராத்திரில யாராவது ஒரு பிள்ளைய வாசல்ல விட்டுட்டுப் போனாலும் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லிட்டு 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தணும். அவங்க ஆர்டர் போட்டாத்தான் பிள்ள உங்ககிட்ட இருக்கலாம். தெரிஞ்சவர் சொன்னார்னு சேக்குறதெல்லாம் வேணாம்.

இப்ப தோட்டம். இதுல வர்ற காசுல ஹோம் ஓடும்னு கணக்குப் போட்டவங்க நெறைய பேரு ரெண்டாவது வருஷமே திணறுவாங்க, ஏன்னா சமையக்காரம்மா சம்பளமும் கேஸும் அரிசியும் கத்திரிக்கா வித்து வராது. தோட்டம் தட்டுக்குத்தான். வரப்புல முருங்கை போடுங்க, பிகேஎம் 1ங்கற ரகத்த வெதச்சா ஆறு மாசத்துல காய் வந்துரும். கீரைய மொத்தமா வெதச்சிடாதீங்க, நாங்க அந்தத் தப்பப் பண்ணி ஒரே வாரத்துல அறுத்து, மாட்டுக்குப் போட்டதுதான் மிச்சம், வாரத்துக்கு ஒரு பாத்தின்னு நாலஞ்சு பாத்தி மாத்தி மாத்தி வெதச்சா ஒரு மாசத்துக்கப்புறம் வாரா வாரம் குழம்புக்குக் கீரை இருக்கும். பப்பாளி, வாழை, ஒரு கோவக்கா பந்தல், பத்துப் பதினஞ்சு நாட்டுக்கோழி. பால் கறக்க நம்பிக்கையான ஆள் இல்லாம மாடு மட்டும் வாங்காதீங்க, மாட்டுக்கு ஞாயித்துக்கெழம லீவு தெரியாது.

களையெடுக்க, மருந்தடிக்க, தண்ணி பாய்ச்ச கூலிக்கு ஆள் வைங்க. 14 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கக் கூடாது, சொந்தக் குடும்பத்துக்கு ஸ்கூல் நேரம் போக ஒத்தாசை பண்றதுக்குச் சட்டத்துல விலக்கு இருக்குங்கறத ஹோமுக்கு இழுத்துக்கிட்டு வராதீங்க. பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு சின்னப் பாத்தி குடுங்க, வெதைக்கட்டும், மறந்துபோய்க் காயவும் விடட்டும். இன்னைக்கு வரலைங்கன்னு ஒரு பையன் சொன்னா சரிடான்னு விட்டுடணும், வரலன்னா சோறு கெடையாதுங்கற பேச்சு ஒரு தடவ வந்தாலும் அங்க நடக்குறது வேற.

எங்ககிட்ட ஒரு பையன் வந்தான், ரெண்டு வாரம் வாயே தொறக்கல. ட்ரங்குப் பொட்டிக்கிட்ட எறும்பு சாரசாரையா போகுதேன்னு தொறந்து பாத்தா மடிச்ச சட்டைக்கு அடியில அவிச்ச முட்டை நாலு, பாதி ஊசிப்போயிருந்துச்சு. திட்டல. அன்னையிலேந்து சாப்புடுற ஹால்ல ஒரு வாழத்தார் தொங்கவிட்டோம், யார் வேணாலும் எப்ப வேணாலும் பிச்சுக்கலாம், கேக்க வேண்டியதில்ல. அவன் கொஞ்ச நாள் தலகாணிக்கடியிலயும் பழம் வெச்சான், அப்புறம் நிறுத்திட்டான். நீங்களும் ஒரு தார் கட்டிவிடுங்க, எந்த கவுன்சிலிங்குக்கும் முன்னாடி.

கெணத்துக்குக் கம்பி வலை, மோட்டார் ரூமுக்குப் பூட்டு, பூச்சி மருந்து வளாகத்துக்குள்ளயே வேணாம். பாம்பு கடிச்சா கட்டுப் போட்டு இறுக்காம, கீறாம, நேரா ஜிஎச். விஷமுறிவு ஊசி எந்த ஆஸ்பத்திரில இருக்குன்னு மொதல்லயே கேட்டு வெச்சிக்கோங்க.

பிறந்தநாள் பிரியாணி இன்னொரு தலவலி. ஒரே ஞாயித்துக்கெழம மூணு பார்ட்டி வருவாங்க, செவ்வாக்கெழம ரசத்துக்குப் பருப்பு இருக்காது. சுவத்துல காலண்டர் மாட்டி தேதி எழுதிக் குடுங்க, பிரியாணிக்குப் பதிலா எண்ணெய், சோப்பு, நாப்கின் கேளுங்க, கூச்சப்படாதீங்க. பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட விடாதீங்க, அடையாளம் வெளிய தெரியறாப்ல போடுறது சட்டப்படியும் தப்பு.

சேந்த அன்னைக்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டுல யார் இருக்கான்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அம்மாவோ பாட்டியோ இருந்து, காசு இல்லாததாலதான் இங்க வந்துச்சுன்னா பிள்ள வீட்டுலயே வளர, மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசு குழந்தைகள் திட்டத்துல மாசம் 4000 ரூபா ஸ்பான்சர்ஷிப் இருக்கு. பாட்டிக்கு மனு எழுதத் தெரியாது, நீங்கதான் எழுதணும், பெட்டு காலியாகுதேன்னு பாக்காம.