மழையில்லாமல் ஒழுகிய கூரை

ஓசூரில் எங்கள் பிஇபி ஷெட்டுக்கு (ஆலையில் செய்துவந்த இரும்புச் சட்டங்களைப் பூட்டி, தகட்டுக் கூரை போட்ட கட்டடம்) அது முதல் ஜனவரி. மழையே இல்லை, ஆனால் காலையில் அட்டைப்பெட்டிகள் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஷீட் போட்டவர் ஸ்க்ரூக்களை முறுக்கி, சிலிக்கான் பூசிவிட்டுப் போனார். மறுநாளும் அதே கதை. ஆறு மணிக்கே ஏணி போட்டு ஏறித் தடவிப் பார்த்தேன். ஸ்க்ரூ ஓரம் மட்டுமல்ல, ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. இரவில் தகடு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். வாஷிங் பகுதியின் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது. அந்தக் காற்று வெளியேற வேண்டிய முகட்டுத் திறப்பை, புறா வருகிறதென்று தார்ப்பாயால் மூடியதும் நாங்கள்தான்! அதை எடுத்துவிட்டு வலை அடித்தோம். அப்புறம் தகட்டுக்குக் கீழே 50 மி.மீ. கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு); ஈரக்காற்று தகட்டைத் தொடாதபடி அதன் அலுமினியத் தாள் கீழே பார்த்தபடி, இணைப்புகளில் டேப். டேப் விட்டுப்போன ஒரு மூலையில் மட்டும் இன்னும் சொட்டுகிறது.