சோகப் பாட்டு ஆல்பத்தைக் கெடுப்பது எப்படி: சொந்த அனுபவம்

போன சனிக்கிழமை ஒரு பையன் தன் முதல் கண்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை) ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். பத்தும் சோகப் பாட்டு. கிட்டார், டபுள் பாஸ், ஃபிடில் (வயலின்), பெடல் ஸ்டீல் என்று எல்லாமே பழைய முறை. மூன்றாவது பாட்டிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு. அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சுருதி விலகுவது, தாளம் தப்புவது பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. அது உங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.

குரலுக்கு முன்னால் ஸ்டீலைப் பதிவது

பெடல் ஸ்டீல் மேசை மாதிரி நிற்கும் வாத்தியம். கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் வழக்கமாகப் பத்துத் தந்தி. தந்தி மேல் வழுக்க இடது கையில் ஓர் உருக்குத் தண்டு, காலுக்குப் பெடல்கள், முழங்காலுக்கு நெம்புகோல்கள். பெடலை மிதித்தால் ஒரு தந்தியின் சுருதி ஏறும், பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். அந்த இழுவைதான் நமக்கு அழுகையாகக் கேட்கிறது. 1954ல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் இப்படி வாசித்த பிறகு, மற்ற ஸ்டீல்காரர்களும் பெடல் மாட்டக் கிளம்பினார்கள்.

சோகப் பாட்டில் ஸ்டீலின் வேலை பாடகருக்குப் பதில் சொல்வது. வரி முடிந்ததும் நுழைய வேண்டும், அடுத்த வரி தொடங்குமுன் விலகிவிட வேண்டும்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன் என்பதுதான் எரிச்சல். நல்ல ஸ்டீல்காரர் ஒருவரை மூன்று மணி நேரத்துக்கு அமர்த்தியிருந்தேன். நாஷ்வில்லில் கூலி மூன்று மணி நேரக் கணக்கு. அன்று பார்த்து எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. சரி, குரலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் எண் சார்ட்டை மட்டும் நீட்டினேன். (அங்கே ஸ்வரக் கூட்டுகளான கார்டுகளை 1, 4, 5 என்று எண்ணால் எழுதுவார்கள். பாட்டின் ஆதார சுருதி மாறினாலும் தாளை மாற்ற வேண்டாம்.) “பாட்டு வரிகள் இருக்கிறதா?” என்று கேட்டார். தேவையில்லை, சோகமாக நிறைய வாசியுங்கள் என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு வாசித்தார், அருமையாக. நான்கு பாட்டு முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பாட உட்கார்ந்தேன். தாளில் ஒரு வரி இரண்டு பார்தான் (பார் என்பது ஒரு தாளச் சுற்று). ஆனால் கடைசிச் சொல்லை நான் மூன்றாவது பார் வரை இழுத்துப் பாடுவேன். சரியாக அந்த இடத்தில்தான் ஸ்டீலும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்தால் பதில் முணுமுணுப்பாகிவிடுகிறது. வெட்டலாம் என்றால் அதுவும் முடியாது. வால்யூம் பெடலால் சத்தம் மெல்ல எழும்பி வருகிற வாத்தியம் இது. எழும்புகிற பகுதியை வெட்டினால் யாரோ கதவைத் திறந்த மாதிரி திடீரென்று கேட்கிறது. வாரக்கணக்கில் கத்தரித்துப் பார்த்துவிட்டு அவரையே திரும்பக் கூப்பிட்டேன். முழுக் கூலி, மறுபடியும். அதற்குள் கைக்காசு தீர்ந்து ஒரு பாட்டை அப்படியே விட்டுவிட்டேன். அதன் இரண்டாம் சரணத்தில் நான் ‘ஹோம்’ என்று பாடுவதை ஸ்டீல் இன்றைக்கும் விழுங்கிக்கொண்டிருக்கிறது.

பையன் விடவில்லை. “பாட்ஸி க்ளைன் ‘க்ரேஸி’யில் குரலை அப்புறம்தானே பதிந்தார்?” உண்மைதான். 1961 ஜூனில் நடந்த கார் விபத்தில் அவருக்கு விலா எலும்பு அடிபட்டிருந்தது. ஆகஸ்டில் ஸ்டுடியோவுக்கு வந்தபோது மேல் ஸ்வரங்கள் எட்டவில்லை. வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு வேறொரு நாளில் குரலைச் சேர்த்தார்கள். ஆனால் அன்று வாசித்தவர்கள் அவர் அறையில் நின்று பாடப் பாட மணிக்கணக்கில் கூடவே வாசித்தவர்கள். எங்கே மூச்செடுப்பார், எந்தச் சொல்லில் தங்குவார் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும். என் ஸ்டீல்காரர் என் குரலைக் கேட்டதே இல்லை.

தொண்டை கட்டினாலும் பரவாயில்லை, கரகரப்பாகவாவது ஒருமுறை பாடிப் பதியுங்கள். சுருதி மோசமாக இருக்கலாம். இழுக்கிற இடத்தில் இழுத்திருந்தால் போதும். அதை ஹெட்ஃபோனில் கொடுங்கள், வரிகளை அச்சடித்தும் கொடுங்கள்.

சாவை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது

பாபி ப்ராடக், கர்லி புட்மன் எழுதி 1980ல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய ‘ஹி ஸ்டாப்டு லவிங் ஹர் டுடே’யில் அவன் இறந்த செய்தி எங்கே வருகிறது என்று கவனியுங்கள். சாகும்வரை அவளைக் காதலிப்பேன் என்கிறான். அவள் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான், பழைய கடிதங்களைக் கட்டிலருகே வைத்திருக்கிறான். கிறுக்கு பிடித்த மனிதன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். பல்லவி வரும்போதுதான், வீட்டு வாசலில் மலர்வளையம். இவ்வளவு சோகத்தை யார் வாங்குவார்கள் என்று ஜோன்ஸுக்கே முதலில் அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. புதியவர்கள் எழுதும் பாட்டுகளில் முதல் வரியிலேயே சவப்பெட்டி வந்துவிடுகிறது. மிச்சம் மூன்று நிமிடத்துக்கு நாம் என்ன செய்வது?

அழுதுகொண்டே பாடுவது

கேட்பவர் அழட்டும். நீங்கள் பாடுங்கள்.

பத்துப் பாட்டும் மெதுவான வால்ட்ஸ் (மூன்றெண்ணித் தாளம்)

ஹாங்க் வில்லியம்ஸின் ‘ஐ அம் ஸோ லோன்ஸம் ஐ குட் க்ரை’ 1949ல் வந்தபோது இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இருந்தது. முன்பக்கத்தில் ஓட்டை வாளியைப் பற்றிய கும்மாளப் பாட்டு. ஆல்பத்தின் நடுவில் அப்படி ஒன்றாவது இருக்கட்டும், ஆளுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அதையும் சோகமாகத்தான் எழுதுவேன் என்றால் எழுதுங்கள், வேகத்தையாவது கூட்டுங்கள்.

ஃபிடிலும் ஸ்டீலும் ஒரே இடத்தில்

ஒருவர் முடித்ததும் மற்றவர்.

ரிவெர்ப்

சேர்க்கிற எதிரொலியில், இப்போது வைத்திருப்பதில் பாதி. நாளைக் காலையில் கேட்டுவிட்டு, அதிலும் பாதி.