விண்டோஸ் 7 பாதியில் நின்றுவிட்டால்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடை. பில் போடும் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 7தான். 2020 ஜனவரியோடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது, ஆனாலும் அவர்களுடைய பழைய பில்லிங் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடுகிறது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒருநாள் காலை, ஆன் செய்ததும் வண்ணப் புள்ளிகள் நான்கும் சேர்ந்து விண்டோஸ் கொடியாகி, அப்படியே நின்றுவிட்டது.

இப்படி ஆனால் முதலில் கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிரின்டர், பென்டிரைவ், பார்கோடு ஸ்கேனர், எல்லாமே.

சரியாகவில்லையா? ஆன் செய்ததும் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்து சேஃப் மோடுக்குப் போங்கள். அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸைத் திறக்கும் வழி அது. உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் கடைசியாகப் போட்ட டிரைவரோ (பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் சாஃப்ட்வேர்) ஆன்டிவைரஸோதான் காரணம். அதை நீக்குங்கள்.

சேஃப் மோடும் நின்றால், திரையின் கடைசி வரியில் பல நேரம் கிளாஸ்பிஎன்பி என்ற ஃபைல் இருக்கும். பாவம், அதை அழித்துவிடாதீர்கள்! அது ஏறி முடித்துவிட்டது. சிக்கல் அதற்கு அடுத்த வேலையில். நான் ஹார்டு டிஸ்க்கைத்தான் முதலில் பார்ப்பேன். பெட்டியருகே காது வையுங்கள். டக், டக் என்று தட்டினால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கணக்கு ஃபைல்களை உடனே காப்பி எடுங்கள்.

அந்தக் கடையில் சத்தமே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் முனையில் சேலை நூலும் பஞ்சுமாக அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தட்டி, கேபிளை அழுத்தி மாட்டினேன். அப்புறம் ஒரு தடவை, டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் செக் டிஸ்க்கை ஓடவிட்டேன். பதினோரு மணிக்கு முதல் பில் வந்தது.