தோழியின் பேச்சலரெட் பயணம்: வார இறுதிக்குப் பெட்டி அடுக்குவது எப்படி?

என் தோழியின் திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பு, அவளையும் சேர்த்து ஆறு பேர் இரண்டு இரவுகள் தங்கும் பேச்சலரெட் பயணம் (திருமணத்துக்கு முன் மணப்பெண் தோழிகளோடு போகும் கொண்டாட்டப் பயணம்) ஒன்று போய் வந்தோம். ஏற்பாட்டுப் பொறுப்பு முழுவதும் என்னுடையது. தங்குமிடத்தில் பெட்டிகளைத் திறந்தபோது நான்கு ஹேர் ஸ்ட்ரெய்ட்னர்கள் இருந்தன, நாற்பது பலூன்கள் இருந்தன. பலூனுக்குக் காற்றடிக்கும் பம்பு மட்டும் எவரிடமும் இல்லை. மணப்பெண்ணை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, கன்னம் வலிக்க வாயாலேயே ஊதி, பதினேழாவது பலூனில் நாங்கள் தலைசுற்றி உட்கார்ந்திருந்த வேளையில் அவள் திரும்பி வந்து கதவைத் தட்டினாள். அதற்குப் பிறகு இதுபோன்ற இரண்டு பயணங்களுக்குப் பயன்படுத்திச் சரிபார்த்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பல் துலக்கியையும் உள்ளாடைகளையும் எடுத்துவைக்க உங்களுக்கு என் உதவி தேவைப்படாது என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: நிகழ்ச்சிகளை எழுதுங்கள், பிறகு உடையை யோசியுங்கள்

வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் உடையைக் குறியுங்கள். இரண்டு இரவுப் பயணத்துக்குப் பெரும்பாலும் நான்கு உடைகளும் ஓர் இரவு உடையுமே போதும். எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்துவதாக இருந்தால், நிறத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் ஒரு மாதிரிப் படத்தையும் அனுப்பிவிடுங்கள். ‘இளஞ்சிவப்பு’ என்று மட்டும் நான் சொன்னதற்கு ஐந்து விதமான இளஞ்சிவப்புகள் வந்து சேர்ந்தன.

படி 2: பொதுப் பட்டியல்

நான் இடறி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தனியாகப் பயணம் செய்யும்போது மறந்த பொருளுக்கு நாமே பொறுப்பு. கூட்டமாகப் போகும்போதோ, ‘யாராவது கொண்டுவருவார்கள்’ என்று எல்லோரும் நினைக்கும் பொருளை ஒருவரும் கொண்டுவருவதில்லை. ‘இதை எவரும் யோசித்திருக்க மாட்டார்கள்’ என்று நினைக்கும் பொருளை எல்லோரும் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆகவே எவரும் பெட்டியைத் திறப்பதற்கு முன்பாகவே, பகிர்ந்துகொள்ளக்கூடிய பொருட்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் வேண்டும்.

என் பட்டியலில் இருப்பவை: ஸ்ட்ரெய்ட்னர் ஒன்று, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பீக்கர், பலூன் பம்பு, செல்லோடேப், கத்தரிக்கோல், ஊக்குகள், ஊசி நூல், முதலுதவிப் பை, சானிட்டரி நாப்கின்கள். இவற்றில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்; ஆறு பேர் ஒரே நேரத்தில் தயாராகும் அறையில் கண்ணாடிக்கு அருகே இருக்கும் பிளக் பாயின்ட் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்ட்ரெய்ட்னர் போல அதிக மின்சாரம் இழுப்பவற்றை ஒரே பாக்ஸில் சேர்த்துச் செருக வேண்டாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். இரண்டு பெயர்களை எழுதினால் இருவரும் ஒருவரையொருவர் நம்பி வெறுங்கையுடன் வருவார்கள். பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் செய்தியாகப் போடுவதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன், ஏனெனில் அரை மணி நேரத்தில் அது நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். கூகுள் ஷீட்டில் பொருள், பெயர், ‘பெட்டியில் வைத்தாயிற்று’ என்று மூன்று பத்திகள் போட்டாலே போதும். புறப்படுவதற்கு முந்தைய இரவு மூன்றாவது பத்தியில் காலியாக இருப்பவர்களை மட்டும் தொலைபேசியில் அழையுங்கள். மணப்பெண்ணின் பெயரை எந்தப் பொருளுக்கு எதிரிலும் எழுதாதீர்கள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் அளவுக்கு வேலை இருக்கிறது.

படி 3: அடுக்குதல்

காரில் போவதாக இருந்தால் சக்கரம் வைத்த கடினமான பெட்டியைவிடத் துணிப்பையே மேல் என்பது என் கருத்து. ஆறு கடினமான பெட்டிகள் ஒரு கார் டிக்கிக்குள் அடங்குவதில்லை. துணிப்பைகளை அழுத்தி நுழைத்துவிடலாம். கனமான காலணிகளைப் பையின் அடியில் வைத்து, அவற்றுக்குள் காலுறைகளைத் திணியுங்கள். டி-ஷர்ட், இரவு உடை போன்றவற்றைச் சுருட்டலாம். மாலை விருந்துக்கான உடையை மட்டும் சுருட்டாமல், மடிப்புகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் உறையை விரித்து மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். புதுக் காலணி வாங்கியிருந்தால் முன்கூட்டியே வீட்டுக்குள் இரண்டு நாள் போட்டு நடந்து பழகுங்கள், பேண்ட்-எய்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: திரவங்கள்

பெரும்பாலான சர்வதேச விமானப் பயணங்களில், கைப்பையில் வைக்கும் திரவம், கிரீம், ஜெல் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மிகாத புட்டியில் இருக்க வேண்டும். அனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பார்ப்பது புட்டியின் கொள்ளளவைத்தான் என்பதால், 200 மில்லி புட்டியில் கால்வாசிதான் மிச்சம் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. மஸ்காராவும் திரவக் கணக்கில்தான் வரும். குச்சி வடிவ லிப்ஸ்டிக் வராது.

விமானம் மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைவதால், புட்டிக்குள் அடைபட்ட காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளுகிறது. மூடுவதற்கு முன் புட்டியை லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாய்ப்பகுதியில் சிறு பிளாஸ்டிக் தாளை வைத்துத் திருகி, பின் ஜிப்லாக் பையில் போடுங்கள். ஃபவுண்டேஷனுக்கு இதைச் செய்யத் தவறி ஒரு வெள்ளை உடையை இழந்தேன்.

பிற்சேர்க்கை

இதை முதலில் வெளியிட்ட பிறகு, விமானத்தில் சென்ற வாசகிகள் இருவர் தங்களுக்கு நேர்ந்ததை எழுதியிருந்தார்கள். ஒருவர் பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் வைத்துவிட்டதால், அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வர வேண்டும். பொதுவாக 100 வாட்-அவர் (Wh, பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை, வழக்கமான 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான். இன்னொருவர் வண்ணக் காகிதம் சிதறும் பார்ட்டி பாப்பரைப் பறிகொடுத்திருக்கிறார். அது எந்தப் பெட்டியிலும் போகாது. போய்ச் சேர்ந்த ஊரில் வாங்குங்கள். கத்தரிக்கோலைச் செக்-இன் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது.

திரும்பும் நாளுக்கென்று ஈர உடைகளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையும், அழுக்குத் துணிக்கு மடித்த துணிப்பையும் முதலிலேயே போட்டுவையுங்கள். கிளம்பும்போது அதே பட்டியலைத் திறந்து பொருட்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஒருவர் மட்டும் அறை அறையாகச் சென்று எல்லா பிளக் பாயின்ட்களையும் பார்த்து வரட்டும். என் போன் சார்ஜர் இன்னும் அந்த வீட்டில் கட்டிலுக்குப் பின்னால்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.