மீன்பிடிச் சாமான்களுக்கு இரட்டைச் சில்லுத் தள்ளுவண்டில்

ஒற்றைச் சில்லு வண்டில் சீமெந்து குழைப்பவர்களுக்கு நல்லது. ஈர வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி மணலில் தள்ளினால் பக்கவாட்டில் சரிந்துவிடும். இரட்டைச் சில்லே வாங்குங்கள்.

வாங்கும்போது முதலில் டயரைப் பாருங்கள். சைக்கிள் சில்லு போன்ற ஒடுங்கிய டயர் தார் வீதியில் பறக்கும். மணற்காட்டு மணலில் புதைந்து நின்றுவிடும். அகன்ற டயராக எடுத்து, மணலில் இறங்கும் முன் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் டயர் பரந்து அமர்ந்து வண்டில் மிதந்து போகும். வீதிக்கு ஏறியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும். ஆகவே கைப்பம்பு ஒன்று வண்டிலிலேயே கிடக்கட்டும்.

பாரமான ஐஸ் பெட்டியை அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். வலை கைபிடிப் பக்கம் வரட்டும். பாரம் முன்னால் போனால் வண்டில் மூக்குக் குத்தும்.

இனி வெட்டு வேலை. தட்டின் அடியில் சில துளைகள் போட்டால் உப்புத் தண்ணீர் தேங்காது. துளையின் விளிம்பை அராவி, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் பெயின்ட் பூசுங்கள். தூண்டில் தடிகளுக்கு இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளைப் பக்கத்தில் நிமிர்த்திப் பூட்டலாம். பூட்டும் ஆணிகளின் முனை வெளிப்பக்கம் இருக்கட்டும். நான் உள்ளே விட்டதால் நைலோன் வலை சிக்கிக் கிழிந்தது. பொத்தி முடிக்க ஒரு முழுப் பின்னேரம் போனது. தட்டின் விளிம்புக்குப் பழைய ரியூப்பை நீளமாகப் பிளந்து மாட்டினேன்.

வீடு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, அச்சுக்குக் கிறீஸ் போடுங்கள்.